கதவில்லாத வீடு: சிமோன் லீயின் மண்ணும் வெண்கலமும்

2019 அக்டோபரில் ஆபீஸ் வேலையாக இரண்டு வாரம் நியூயார்க்கில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை, கூட வந்த நண்பர் "ஹை லைன் போய்ப் பார்த்துட்டு வரலாம்" என்று கூப்பிட்டார். பழைய சரக்கு ரயில் பாதை அது. தரைக்கு மேலே தூண்களின் மேல் ஓடும். ரயில் நின்றபிறகு அதைப் பூங்காவாக்கிவிட்டார்கள். நடந்துகொண்டே 30வது தெரு வரை போனால், ஒரு கிளை பத்தாவது அவென்யூவின் மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். கீழே கார்கள், சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள். நடுவில் பதினாறு அடி உயரத்துக்கு ஒரு கறுப்புப் பெண் தலை.

தலை மட்டும் இல்லை, இடுப்புக்குக் கீழே வரைக்கும் உண்டு. ஆனால் கை கிடையாது. கழுத்துக்குக் கீழே உடம்பு அப்படியே விரிந்து, கவிழ்த்து வைத்த பானை மாதிரி ஆகிவிடுகிறது. அதன் மேல் நெடுக்குவாக்கில் புடைப்பு வரிகள். சுருட்டை முடி, நான்கு பின்னல்கள், ஒவ்வொரு பின்னலின் நுனியிலும் ஒரு சோழி. முகத்தில் மூக்கு இருக்கிறது, உதடு இருக்கிறது. கண் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று ஒன்றுமே இல்லை.

"கண்ணு வைக்கலையே, வேலை இன்னும் முடியலையோ?" என்றார் நண்பர். நானும் சிரித்தேன். கோயில் மணி மாதிரி இருக்கு என்று நான் சொன்னதாக ஞாபகம். இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டு காபி குடிக்கப் போய்விட்டோம்.

2022 ஏப்ரலில் வெனிஸ் பினாலேயின் முக்கியக் கண்காட்சியில் பங்கேற்ற கலைஞர்களில் சிறந்தவருக்கான தங்கச் சிங்கம் விருது இந்தச் சிலைக்காக சிமோன் லீக்குக் கொடுக்கப்பட்டது. செய்தியில் படத்தைப் பார்த்ததும் போனைத் துழாவி என் பழைய போட்டோவை எடுத்தேன். அதே சிலைதான். சாயங்கால வெளிச்சத்தில், பின்னால் ஒரு கிரேனோடு. நான் பார்க்காமல் விட்டது என்ன என்று தெரிந்துகொள்ள ஆரம்பித்தது அன்றைக்குத்தான். இந்தக் குறிப்பு அந்தத் தேடலின் கணக்கு. கலை விமர்சனத்தில் எனக்குப் பட்டம் ஒன்றும் இல்லை, படித்தது பி.இ. அதனால் "இது எப்படிச் செய்யப்பட்டது?" என்ற கேள்வியிலிருந்துதான் எனக்கு எதையும் தொடங்க வரும்.

1. மண் கேட்கும் வெற்றிடம்

சிமோன் லீ 1967இல் சிகாகோவில் பிறந்தவர். பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள். இண்டியானாவில் உள்ள ஏர்ல்ஹாம் கல்லூரியில் கலையும் தத்துவமும் படித்து 1990இல் வெளியே வந்தார். பிடித்துக்கொண்டது களிமண்ணை. அன்றைய அமெரிக்கக் கலை உலகில் களிமண் என்றால் கைவினை, கைவினை என்றால் ஒரு படி கீழே. அவரை எல்லோரும் கவனிக்க ஆரம்பித்தபோது அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. நாற்பதுகளில் உட்கார்ந்து ராத்திரி பத்து மணிக்குமேல் ஆராய்ச்சிக் குறிப்பு எழுதும் எனக்கு இது ஒரு ஆறுதல், அது வேறு விஷயம்.

களிமண்ணில் ஒரு உருவம் செய்வதற்கும் கல்லில் செய்வதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் முன்னே யோசித்ததே இல்லை. கல்லைச் செதுக்குகிறவர் வேண்டாததை எடுக்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கவலைப்பட வேண்டாம், உள்ளேயும் கல்தான். சுட்ட மண்ணில் அது நடக்காது. தடிமனான மண் கட்டியைச் சூளையில் வைத்தால், உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி வெளியே வர வழி இல்லாமல் வெடித்துவிடும். அதனால் பெரிய மண் உருவம் எதுவானாலும் உள்ளே காலியாக இருந்தாக வேண்டும். சுவர் ஓரளவு ஒரே தடிமனில் வேண்டும். ஆவி வெளியேற ஒரு ஓட்டை வேண்டும். கீழ்ச்சுவர் மேல்சுவரின் எடையைத் தாங்க வேண்டும். கீழ்ப்பகுதி கொஞ்சம் இறுகிய பிறகே மேலே ஏற்ற முடியும்.

சுவர், உள்வெளி, துவாரம், எடை, காத்திருப்பு. இது கட்டடக்கலையின் பட்டியல் இல்லையா?

லீயின் வேலையில் கைவினை, கட்டடம், மனித உருவம் மூன்றும் ஒன்றாகக் கலக்கின்றன என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஏதோ மூன்று பொடியை எடுத்துக் கலக்கின மாதிரி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மண்ணில் ஆள் உயரத்துக்கு ஒரு பெண்ணைச் செய்ய உட்கார்ந்தால், நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஒரு சின்ன வீட்டைத்தான் கட்டிக்கொண்டிருப்பீர்கள். மூன்றையும் சேர்த்து வைத்தது அந்த மண்தான். லீ செய்தது, அதை மறைக்காமல் விட்டது.

அவருக்குப் பின்னால் இருப்பது மேற்கு ஆப்பிரிக்கப் பெண்களின் பானை மரபு. நைஜீரியாவின் லாடி குவாலி என்ற குயவரின் படத்தை அந்த நாட்டின் 20 நைரா நோட்டின் பின்பக்கத்தில் பார்க்கலாம். அவருடைய ஊர்ப் பெண்கள் சக்கரத்தைச் சுற்றுவதில்லை. மண்ணைத் திரித்துக் கயிறுபோல் ஆக்கி அடுக்குவார்கள், பானை அப்படியே நிற்க, அதைச் சுற்றி அவர்கள் நடப்பார்கள். கட்டடத்தைச் சுற்றிக் கொத்தனார் நடப்பதுபோல.

இதைப் படித்தபோது எனக்குக் கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் ஆச்சி கட்டிய குலுக்கை ஞாபகம் வந்தது. குலுக்கை என்றால் தெரியாதவர்களுக்கு: கம்பு, சோளம் கொட்டி வைக்கிற மண் குதிர். வைக்கோல் துண்டு கலந்து மிதித்த மண்ணை வட்டமாக ஒரு வரிசை வைப்பாள் ஆச்சி. அது காய்ந்தபிறகு அடுத்த வரிசை. என் உயரத்துக்கும் மேலே வரும். அடியில் ஒரு துவாரம், துணியை அடைத்திருப்பார்கள். துணியை இழுத்தால் தானியம் கொட்டும். அதை வாய் என்றுதான் சொல்வோம். இதற்குப் பிறகு வருகிறேன்.

லீயின் சிறிய மண் உருவங்களில் கை செய்த வேலை கண்ணுக்குத் தெரியும். தலைமுடி இருக்க வேண்டிய இடத்தில் நூற்றுக்கணக்கில் குட்டிக்குட்டிப் பீங்கான் ரோஜாக்கள், ஒவ்வொன்றும் விரலால் சுருட்டியது. சில உருவங்களில் முகமே அந்த ரோஜாக்கூட்டத்துக்குள் போய்விடுகிறது. பல வேலைகளை உப்புச் சூளையில் சுடுகிறார். 1200 டிகிரிக்கு மேல் எரியும் சூளைக்குள் உப்பைப் போட்டால் அது ஆவியாகி, அதிலுள்ள சோடியம் மண்ணில் இருக்கும் சிலிக்காவோடு சேர்ந்து கண்ணாடிப் படலமாக ஒட்டிக்கொள்ளும். எங்கே தடிப்பாக ஒட்டும், எங்கே மெலிதாக ஒட்டும் என்பது நெருப்பு போகும் பாதையைப் பொறுத்தது. சூளையைத் திறக்கும்வரை செய்தவருக்கே தெரியாது. எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே டெஸ்ட் கேஸ் எழுதிப் பழகிய எனக்கு இது கொஞ்சம் பயமாகக்கூட இருக்கிறது.

2. மூன்று வீடுகள்

ஹை லைன் சிலையின் பெயர் 'பிரிக் ஹவுஸ்', செங்கல் வீடு. அமெரிக்கக் கறுப்பர்களின் பேச்சுவழக்கில் கட்டுறுதியான பெண்ணை அப்படிச் சொல்வார்கள். 1977இல் கமடோர்ஸ் குழு இதே பெயரில் பாடிய பாட்டு பிரபலம். பெயர் ஒன்று, ஆனால் சிலைக்குள் மூன்று வீடுகள் இருக்கின்றன.

முதல் வீடு, கேமரூன், சாட் நாடுகளின் எல்லைப் பகுதியில் வாழும் முஸ்கூம் மக்களின் 'தெலுக்'. முழுக்க மண்ணால் ஆன, முட்டையின் மேல்பாதி போன்ற வீடு. சுமார் ஒன்பது மீட்டர் உயரம்வரை போகும். சுவர் அடியில் தடித்து, மேலே போகப் போக மெலியும். ஒரு சங்கிலியை இரண்டு முனையில் பிடித்துத் தொங்கவிட்டு அந்த வளைவைத் தலைகீழாக்கினால் வரும் வடிவத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். அந்த வளைவில் எடை முழுவதும் அழுத்தமாகவே கீழே இறங்கும், சுவரைப் பிளக்கும் இழுவிசை வராது. கம்பி போடாத மண்ணுக்கு அதுதான் உயிர். வெளிச்சுவரில் புடைப்பு வரிகள் இருக்கும். பார்க்க அலங்காரம். ஆனால் மழைத் தண்ணீரைப் பிரித்து இறக்குவதும், வருஷா வருஷம் பூசும்போது மேலே ஏறக் கால் வைப்பதும் அதில்தான். பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே ழீத் 1920களில் இந்தப் பக்கம் போனபோது இவற்றைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார்.

இரண்டாவது, பெனின், டோகோ நாடுகளில் உள்ள பதாம்மாலிபா மக்களின் கோபுர வீடு. டோகோவில் அவர்கள் வாழும் கூதாமாக்கூ நிலப்பகுதி 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அவர்களுக்கு வீடு என்பது ஒரு உடம்பு. வீட்டின் பகுதிகளை உடல் உறுப்புகளின் பெயரால்தான் சொல்வார்கள். வாசல் வாய், பூச்சு தோல். அவர்களுடைய பெயருக்கே மண்ணைக் கொண்டு கட்டுகிறவர்கள் என்றுதான் அர்த்தம்.

மூன்றாவது வீடு மிசிசிப்பி மாநிலத்தில், நாட்செஸ் ஊருக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலை 61இன் ஓரத்தில் இன்னும் நிற்கிறது. 'மேமிஸ் கப்போர்ட்' என்ற உணவகம், 1940இல் கட்டியது. 28 அடி உயரத்தில் தலையில் துணி கட்டிய, கையில் தட்டு ஏந்திய ஒரு வேலைக்காரப் பெண். அவளுடைய செங்கல் பாவாடைக்குள் உட்கார்ந்து சாப்பிடலாம். 'மேமி' என்பது வெள்ளைக்கார வீட்டில் சமைத்து, பிள்ளை வளர்த்து, எப்போதும் சிரித்துக்கொண்டிருக்கும் கறுப்பு ஆயாவின் கேலிச் சித்திரம். காலப்போக்கில் அந்தப் பெண்ணின் தோலுக்கு வெளிறிய பெயிண்ட் அடித்துவிட்டார்கள். பாவாடை மட்டும் அப்படியே இருக்கிறது.

முதல் இரண்டும் பெருமைப்படத் தக்கவை. மூன்றாவது அவமானம். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே வடிவம்: அடியில் அகன்று, மேலே குறுகும் ஒரு கூண்டு, அதற்குள் ஆள் போகலாம். லீ மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒரே கோட்டில் வரைந்திருக்கிறார். ஒரு வடிவத்தை அவமானம் பிடித்துக்கொண்டுவிட்டது என்பதற்காக அதைக் கைவிட வேண்டுமா, அது அவமானத்துக்கு முன்னாலேயே இருந்தது என்று காட்டி மீட்க முடியுமா? சிலை கேட்கும் கேள்வி இது என்று நினைக்கிறேன். நான் கோயில் மணி என்று சொன்ன உடம்பின் வரிகள், மழைத் தண்ணீர் இறங்கும் வரிகள்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். தெலுக்குக்கு வாசல் உண்டு. பதாம்மாலிபா வீட்டுக்கு வாய் உண்டு. மேமியின் பாவாடைக்குக் கதவு உண்டு, காசு கொடுத்தால் யாரும் போகலாம். 'பிரிக் ஹவுஸ்' வீட்டுக்குக் கதவே இல்லை.

3. கண்

கதவு இல்லாததையும் கண் இல்லாததையும் நான் சேர்த்துத்தான் படிக்கிறேன். என் நண்பர் கேட்ட கேள்வி சாதாரணக் கேள்வி இல்லை என்று இப்போது தெரிகிறது. சிலைக்குக் கண் திறப்பது பெரிய சடங்கு என்று தெரிந்த ஊரிலிருந்து போனவர்கள் நாங்கள். கண் இல்லாவிட்டால் எங்களுக்கு அது முடியாத வேலை.

லீ 2019இல் கக்கன்ஹைம் அருங்காட்சியகத்தில் வைத்த கண்காட்சிக்கு வைத்த தலைப்பு ஒரு புத்தகத்திலிருந்து வந்தது. அடிமையாக இருந்து தப்பிய ஹேரியட் ஜேக்கப்ஸ் 1861இல் வெளியிட்ட தன்வரலாறு அது. வட கரோலினாவில் தன் பாட்டி வீட்டுக் கூரைக்கடியில், ஒன்பது அடி நீளம், ஏழு அடி அகலம், அதிகபட்ச உயரமே மூன்று அடியான ஒரு பொந்தில் ஏறத்தாழ ஏழு வருஷம் ஒளிந்திருந்தார். நிமிர்ந்து உட்கார முடியாது. பலகையில் சின்னத் துளைகள் போட்டு, தெருவில் விளையாடும் தன் பிள்ளைகளைப் பார்த்தார். பிள்ளைகளுக்கு அம்மா அங்கே இருப்பது தெரியாது.

ஒரு வீடு, அதற்குள் ஒரு உடம்பு, அந்த உடம்பை யாரும் பார்க்க முடியாது. இதைப் படித்தபிறகு 'பிரிக் ஹவுஸ்' வேறு மாதிரி ஆகிவிட்டது. கண் வைத்திருந்தால் நாம் அந்தக் கண்ணைப் பார்த்து, அவள் சோகமாக இருக்கிறாள், கோபமாக இருக்கிறாள் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி முடித்துவிடுவோம். இங்கே அந்த வசதி இல்லை. உள்ளே ஒருத்தி இருக்கிறாள். பத்தாவது அவென்யூவில் போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் அவள் முகம் கொடுக்க வேண்டியதில்லை.

லீக்கு வீடு வெறும் உருவகம் இல்லை என்பதற்கு இன்னொரு சாட்சி. 2014இல் ப்ரூக்ளினில் ஒரு கறுப்புப் பெண் மருத்துவர் வாழ்ந்த பழைய வீட்டில், இலவச மருத்துவ மையம் ஒன்றைக் கலைத் திட்டமாகவே நடத்தினார். 2016இல் நியூ மியூசியத்தில் நடத்திய திட்டத்தின் பெயர் 'காத்திருப்பறை'. 2008இல் ப்ரூக்ளின் மருத்துவமனை ஒன்றின் காத்திருப்பறையில் சுமார் 24 மணி நேரம் காத்திருந்து, நாற்காலியிலிருந்து விழுந்து இறந்துபோன ஒரு பெண்ணின் நினைவிலிருந்து வந்தது அது. ஒரு கட்டடம் ஒரு உடம்பை என்ன செய்யும் என்பது அவருக்கு நடைமுறைக் கேள்வி.

4. சோழி

பின்னல் நுனியில் இருக்கும் சோழியைப் பற்றிக் கொஞ்சம். லீ தனியாகவும் பெரிய பெரிய சோழிகளைப் பீங்கானில் செய்திருக்கிறார். அவற்றுக்கு அச்சு எடுத்தது தர்பூசணியிலிருந்து. அமெரிக்காவில் தர்பூசணி கறுப்பர்களைக் கேலி செய்யப் பயன்பட்ட பழம். மறுபடியும் அதே வேலைமுறை: இழிவின் வடிவத்தை எடுத்து, அதற்கு முந்தைய ஒன்றாக மாற்றுவது.

பல்லாங்குழியிலும் ஜோசியர் பையிலும் நாம் பார்க்கும் அதே சோழிதான். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அது போனது நம் பக்கத்துக் கடலிலிருந்து. மாலத்தீவுகள்தான் பெரிய ஊற்று. 14ஆம் நூற்றாண்டில் அங்கே காஜியாக இருந்த இப்னு பதூதா, சோழி வங்காளத்துக்கு ஏற்றுமதியானதை எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் ஐரோப்பியக் கம்பெனிகள் இலங்கை, வங்காளத் துறைமுகங்கள் வழியாகக் கப்பலின் அடிப்பாரமாக ஏற்றி ஆம்ஸ்டர்டாம், லண்டன் கொண்டுபோய் ஏலம் விட்டார்கள். அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு. அங்கே அதைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள்.

இராஜராஜன் மாலத்தீவுகளைப் பிடித்த கதையைப் பள்ளியில் பெருமையாகப் படித்தேன். அந்தத் தீவுகளின் கரையில் பொறுக்கிய ஓடு இன்னொரு பக்கம் ஆள் விற்கும் காசானது என்று யாரும் சொன்னதில்லை. சோழர் காலத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை, நடுவில் பல நூற்றாண்டுகள். ஆனாலும் அந்தப் பின்னல் நுனியைப் பார்க்கும்போது, அது எனக்கு முழுக்க அந்நியம் என்று சொல்ல முடியவில்லை.

5. வைக்கோல் போர்த்திய அமெரிக்கா

2022 வெனிஸில் அமெரிக்க அரங்கமும் லீயுடையதுதான். அந்தப் பொறுப்பைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். 1930இல் கட்டிய அந்த அரங்கம் தூண், முக்கோண முகப்பு எல்லாம் வைத்த பழைய ஐரோப்பிய பாணிக் கட்டடம். அமெரிக்கர்களுக்கு அது ஜெஃபர்சனின் பண்ணை வீட்டை நினைவூட்டும். லீ அதன் தலையில் வைக்கோல் கூரையைப் போட்டு, முன்னால் மரத் தூண்களை நிறுத்தி, மொத்தத்தையும் மூடிவிட்டார்.

அவர் சுட்டியது 1931 பாரிஸ் காலனியக் கண்காட்சியை. காலனி நாடுகளின் கட்டடங்களை நகலெடுத்து நிறுத்தி, மனிதர்களையும் கூட்டிவந்து வைத்துக் காட்டிய திருவிழா அது. அங்கோர்வாட்டுக்குக்கூட முழு நகல் இருந்தது. அதில் அமெரிக்காவும் கலந்துகொண்டது. அது கட்டிக்கொண்டது எது தெரியுமா? வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் மாளிகையின் நகல். அடிமைகள் உழைத்த பண்ணையின் வீடு. அந்தச் சந்தையில் எல்லோரும் குடிசையாகக் காட்டப்பட, அமெரிக்கா மாளிகையாக வந்து நின்றது. 91 வருஷம் கழித்து ஒரு கறுப்புப் பெண் வந்து மாளிகையைக் குடிசையாக்கினாள். எனக்கு இதில் ஒரு குறும்பும் தெரிகிறது.

உள்ளே தண்ணீர்த் தொட்டியில் குனிந்து துணி துவைக்கும் வெண்கலப் பெண் ஒருத்தி. 19ஆம் நூற்றாண்டில் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்பதற்காக ஜமைக்காவில் எடுத்த ஒரு படத்திலிருந்து வந்தவள். இந்தத் தீவு சுத்தமானது, ஆட்கள் அடக்கமானவர்கள் என்று காட்ட எடுத்த படம். சிலையில் அவள் நிழல் தண்ணீரில் விழுகிறது, படம் பிடித்தவன் இல்லை. இன்னொரு மூலையில் பனைநார் போன்ற ராஃபியாவால் வேய்ந்த பெரிய பாவாடை, அதன் உச்சியில் ஒரு சோழி. வீடா, பெண்ணா, வைக்கோல் போரா என்று சொல்ல முடியாது. அந்தப் படங்களை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

6. என் சண்டை

இவ்வளவு பாராட்டியபிறகு என் புகார்களையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, வாசிப்புப் பட்டியல். 2019 விட்னி பினாலே சமயத்தில், இந்த வேலைகளில் தீவிரம் போதாது என்று சிலர் எழுதியபோது, லீ இன்ஸ்டாகிராமில் பதில் போட்டார். சாரம் இதுதான்: சில கறுப்புப் பெண் சிந்தனையாளர்களைப் படிக்காமல், 1977 லாகோஸ் கலைவிழா போன்றவற்றைத் தெரிந்துகொள்ளாமல் வந்தால், என் வேலையில் இருக்கும் தீவிரம் உங்கள் கண்ணில் படாது, கறுப்பினப் பெண்களே என் முதன்மைப் பார்வையாளர்கள் என்று மரியாதையாகச் சொல்லிவந்ததற்குக் காரணமும் அதுதான்.

முதலில் படித்தபோது எரிச்சல் வந்தது. டாகுமெண்டேஷன் படிக்காமல் புரியாத கோட், மோசமான கோட் என்று ஜூனியர்களிடம் சொல்கிறவன் நான். பிறகு யோசித்தேன். ரோமானியத் தூணையும் கிரேக்க முகப்பையும் பார்த்தால் எனக்கு உடனே "அரசு, அதிகாரம், நீதிமன்றம்" என்று தோன்றுகிறதே, அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? என் பள்ளிக்கூடமும் சென்னை உயர் கட்டடங்களும் சினிமாவும் சேர்ந்து முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்தன. அந்த டாகுமெண்டேஷனை நான் படித்ததே தெரியாமல் படித்திருக்கிறேன். தெலுக்குக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. ஆக லீ கேட்பது கூடுதல் சலுகை இல்லை.

ஆனாலும் ஒரு அளவுகோல் வேண்டும். என்னுடையது இது: படித்தபிறகு அந்த விஷயம் வடிவத்திலேயே தெரிகிறதா, அல்லது பக்கத்து அட்டையில் மட்டும் இருக்கிறதா? ரோஜா முடி வைத்த சின்ன மண் தலைகளுக்கு ஒன்றும் படிக்க வேண்டாம். 'பிரிக் ஹவுஸ்' பாதி படித்தால் போதும், வரிகளும் வளைவும் மீதியைச் சொல்கின்றன. வெனிஸ் முற்றத்தில் வைத்த 24 அடி 'சாட்டிலைட்' எனக்கு அப்படி வேலை செய்யவில்லை. கினி நாட்டு பாகா மக்களின் திம்பா என்ற தோள் முகமூடியை எடுத்து, தலைக்குப் பதில் குழிந்த தட்டு வைத்த சிலை. பிக்காசோ ஒரு திம்பாவை வைத்திருந்தார், அவருடைய 1931 காலத்துத் தலைகளில் அதன் சாயல் உண்டு என்பதெல்லாம் சுவாரசியமான தகவல். ஆனால் சிலைக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு ஒட்டு தெரிகிறது. அது ஒரு அடிக்குறிப்பாக நின்றுவிட்டது என்று எனக்குப் படுகிறது. பயன்பாட்டுப் பொருளாக ஒருவர் தோளில் ஏறி ஆடியது, இங்கே அசையாமல் நிற்கிறது.

இரண்டு, வெண்கலம். 'பிரிக் ஹவுஸ்' சிலையை ஃபிலடெல்பியாவில் ஒரு வார்ப்புக்கூடத்தில் முழு உயரத்துக்கும் களிமண்ணில் கையால் செய்து, பிறகுதான் வெண்கலத்தில் வார்த்தார்கள். சின்ன மாதிரியை ஸ்கேன் பண்ணி, மெஷினில் பெரிதாக்கிக்கொள்வது இன்று சாதாரணம். அப்படிச் செய்யாதது பெரிய விஷயம். பதினாறு அடிக்கு ஏணி போட்டு ஏறி மண்ணை அப்பும்போது உடம்பு எடுக்கும் முடிவுகள், மௌஸைப் பிடித்த கை எடுக்காது. ஆனாலும் கடைசியில் நிற்பது சுமார் 2,700 கிலோ வெண்கலம். தளபதிகளுக்கும் அரசர்களுக்கும் வைக்கிற உலோகம். மண்ணில் வேலை செய்த பெண்களின் மரபு ஊர் நடுவில் வந்து நிற்க வேண்டுமானால், அது தளபதியின் மொழியில்தான் பேச வேண்டியிருக்கிறது. நியூயார்க் பனியில் சுடாத மண் நிற்காது, தெரியும். தெலுக்கும் மழையில் கரையும். கரைவதால்தான் வருஷா வருஷம் பூசுகிறார்கள், பூசுவதால்தான் பூசத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வெண்கலத்துக்கு யாரும் தேவையில்லை. இது லீயின் தோல்வி என்று சொல்லமாட்டேன். ஒரு விலை. கொடுத்திருக்கிறார்.

மூன்று, கைகள். நூற்றுக்கணக்கான ரோஜாக்களும், வைக்கோல் கூரையும், வார்ப்பும் ஒரு ஆள் வேலை இல்லை. ரோதான் காலத்திலிருந்தே இப்படித்தான், அவருடைய பளிங்குகளைச் செதுக்கியவர்கள் வேறு. ஆனால் பெயர் தெரியாத குயவப் பெண்களுக்காகப் பேசும் ஒரு வேலையில் இந்தக் கேள்வி கொஞ்சம் கூடுதலாக உறுத்துகிறது. வெனிஸில் ஒரு சிலைக்கு அவர் வைத்த பெயரே 'பெயரற்றவர்'. அவருக்கும் உறுத்தியிருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கடைசியாக, குலுக்கை

ஆச்சி இறந்து சில வருஷம் கழித்து, 2004இல் ஊர் வீட்டை இடித்து கான்கிரீட் போட்டோம். குலுக்கை வாசல் வழியாக வெளியே வரவில்லை. வீட்டுக்குள்ளேயே கட்டியது, எப்படி வரும்? சித்தப்பா கடப்பாரையால் ஒரு போடு போட்டார். நான்தான் மண்ணை அள்ளிக் கொட்டினேன்.

வெளிப்பக்கம் சாணி மெழுகி வழவழவென்று இருந்தது. உள்பக்கம் அப்படி இல்லை. யாரும் பார்க்கப் போவதில்லை என்று மெழுகாமல் விட்டிருக்கிறாள். வரிசைக்கு வரிசை, நான்கு விரல் இழுத்த தடம் வளைந்து வளைந்து மேலே ஏறியது. இடது பக்கமாகச் சாய்ந்த தடம். ஆச்சி இடது கைக்காரி என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாப்பாடு போடும்போதெல்லாம் வலது கையைத்தான் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு ஒரு போட்டோ எடுக்கத் தோன்றவில்லை. ஹை லைனில் இரண்டு எடுத்தேன்.